வான் வழியில் தூரமும் நேரமும்

வழியின் நீளத்தைச் சொல்லுவதற்குத் தமிழ் நாட்டில் முற்காலத்தில் இரண்டு முறைகள் வழங்கின. இத்தனை காதம் என்று சொல்லுவது ஒரு முறை. காலத்தைக் கொண்டு சொல்லுவது மற்றொரு முறை. "அந்த ஊர் இங்கிருந்து எட்டு நாழிகை வழி" என்று ஒருவர் சொன்னால், நடந்து செல்பவருக்கு எட்டு நாழிகை பிடிக்கும் என்பது பொருள். ஒரு நாழிகை 24 நிமிஷம். ஆகவே எட்டு நாழிகை வழி என்பது மூன்று மணிக்குச் சற்று மேற்பட்ட நடை.

இவ்விரண்டில் காதக் கணக்குத்தான் திட்டமானது. நாழிகைக் கணக்கோ ஆளுக்கு ஆள் மாறும். ஏற்றம் இருந்தால் கூடும். ஆற்றில் வெள்ளம் வந்தால் இன்னும் கூடும். ஆயினும் வழிநடப்பவருக்குத் தேவையாக இருந்தது நாழிகைக் கணக்கே. பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேரலாமா, கட்டுச்சோறு ஒரு வேளைக்குப் போதுமா என்னும் கேள்விகளுக்குக் காதம் விடை சொல்லாது.

ரயிலும் மோட்டாரும் வந்த பிறகு மைல் கல்லும் கிலோமீட்டர் கல்லும் நம் பேச்சில் முன்னே வந்தன. ஆகாய விமானம் வந்த பிறகு நாம் மறுபடியும் நாழிகை வழிக்கே திரும்பி விட்டோம். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விமானத்தில் போகிறவர் கேட்பதில்லை. ஒன்றரை மணி நேரம் என்று சொல்லி அமைந்து விடுகிறார். அந்த ஒன்றரை மணி எப்படி வந்தது, அதில் எதெல்லாம் அடங்கியிருக்கிறது, எதெல்லாம் அடங்கவில்லை என்பதை அறிந்துகொள்வது நம் பகுதி மக்களுக்கு மிகவும் பயன்படும். தென்காசி, கடையநல்லூர், வடகரை முதலிய ஊர்களிலிருந்து வேலையின் பொருட்டுக் கடல் கடந்து சென்றிருப்பவர் பலர். அவர்களுடைய போக்குவரவை ஒட்டியே பல வீடுகளில் திருமணத் தேதியும் பிற காரியங்களும் முடிவாகின்றன. ஆகவே இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும், அதைக் கடக்கும் நேரத்தையும் பற்றிச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் நாம் இருக்கும் இடத்தைக் கவனிப்போம். வடகரை, தென்காசிக்கு வடமேற்கே மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர். பண்பொழித் திருமலை முருகன் கோயிலும், மேக்கரையில் அனுமன் நதிக்குக் குறுக்கே கட்டப்பெற்ற அடவிநயினார் அணையும் அதன் அண்டையில் உள்ளவை. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தென்காசி ஒரு தனி மாவட்டத்தின் தலைநகர். ஆனால் அந்த மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. எட்டிப் பிடிக்கும் தொலைவில் மூன்று நிலையங்கள் உண்டு. மேற்கே திருவனந்தபுரம், கிழக்கே தூத்துக்குடிக்குரிய வாகைக்குளம், வடகிழக்கே மதுரை.

இம்மூன்றும் தென்காசியிலிருந்து எவ்வளவு தூரம்? பறவை பறக்கும் நேர்கோட்டில் அளந்தால் திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வாகைக்குளம் 82 கிலோமீட்டர். மதுரை 130 கிலோமீட்டர். சாலையில் சென்றால் கணக்கு வேறாகிறது. திருவனந்தபுரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். வாகைக்குளத்துக்குத் திருநெல்வேலி வழியாக ஏறத்தாழ 90. மதுரைக்கு ஏறத்தாழ 160. வாகைக்குளத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் சமவெளி. ஆதலால் சாலை நேர்கோட்டை விட்டு அதிகம் விலகுவதில்லை. திருவனந்தபுரத்துக்கோ இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. சாலை புளியரையில் ஏறி, ஆரியங்காவுக் கணவாயில் நுழைந்து, தென்மலைக் காடுகளின் வழியே இறங்க வேண்டும். பறவைக்கு மிக அருகில் இருக்கும் நிலையம், காரில் போகிறவருக்கு மூன்று மணி நேர வழியாகிறது. சமவெளியில் நீளத்தைக் கொண்டு நேரத்தை ஊகிக்கலாம். மலை குறுக்கிட்டால் ஊகிக்க முடியாது. இந்த முதற் பாடத்தை வானத்துக்குப் போகும் முன்பே நம் ஊர்ச் சாலை கற்பித்து விடுகிறது.

ஆகாயத்தில் மலை குறுக்கிடுவதில்லை. ஆதலால் அங்கே தூரம் என்பது மிக எளிய காரியமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அது பெரிதும் உண்மையே. பூமி உருண்டை வடிவானது. அதன் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி எது என்று அறிய வேண்டுமானால், பள்ளிக்கூடத்தில் உள்ள உலக உருண்டையை எடுத்து, அந்த இரண்டு இடங்களிலும் விரலை வைத்து, இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் போதும். நூல் கிடக்கும் கோடே மிகக் குறுகிய வழி. பூமியின் சுற்றளவை 360 பாகைகளாகப் பகுத்தால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் வரும். தென்காசி ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்திலும், சென்னை 13 பாகை வட அட்சத்திலும் உள்ளன. ஆகவே வடக்கு நோக்கி மட்டும் நாம் ஏற வேண்டியது 4 பாகை, அதாவது ஏறத்தாழ 444 கிலோமீட்டர். சென்னை நமக்கு நேர் வடக்கே இல்லாமல் கிழக்கே ஒதுங்கியிருப்பதால் இன்னும் ஒரு நூறு கிலோமீட்டர் கூடுகிறது.

இப்படிக் கணக்கிட்டால், வாகைக்குளத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே வான் வழி ஏறத்தாழ 525 கிலோமீட்டர். திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 610. மதுரைக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 415. இந்த எண்கள் மாறுவதில்லை. மழை பெய்தாலும், பண்டிகைக் கூட்டம் வந்தாலும், விமானம் பெரிதானாலும் சிறிதானாலும் அவை அப்படியே இருக்கும்.

உருண்டையின் மேல் அளக்காமல், சுவரில் தொங்கும் தட்டையான படத்தைப் பார்த்து முடிவு செய்தால் சில சமயம் ஏமாந்து போவோம். இதற்கு நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. துபாயிலிருந்து புறப்படுகிறவருக்குத் திருவனந்தபுரம் அருகிலா, சென்னை அருகிலா? திருவனந்தபுரம் மேற்குக் கரையில் இருக்கிறது. சென்னை கிழக்குக் கரையில் இருக்கிறது. துபாயோ மேற்கே இருக்கிறது. எனவே திருவனந்தபுரம்தான் அருகில் என்று எவரும் சொல்லுவர். ஆனால் நூலைப் பிடித்து அளந்தால், துபாயிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. துபாய் மேற்கே இருப்பதோடு வடக்கேயும் நெடுந்தூரம் தள்ளியிருப்பதால், தெற்கே இறங்கிக் கிடக்கும் திருவனந்தபுரம், மேற்கில் இருப்பதனால் பெற்ற சலுகையை இழந்து விடுகிறது.

இனி நேரத்துக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் இடையே நெடுங்காலம் ஓடியவை சுழல்விசிறி கொண்ட சிறு விமானங்கள். அங்கே இருந்த ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டரே. பெரிய ஜெட் விமானம் இறங்குவதற்கு அது போதாது. பின்னர் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26ஆம் நாள் புதிய நிலையக் கட்டடமும் திறக்கப்பட்டது. அந்தச் சிறு விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 525ஐ 500ஆல் வகுத்தால் ஒரு மணி மூன்று நிமிஷம் வரும். ஆனால் கால அட்டவணை ஏறத்தாழ ஒன்றரை மணி என்று சொல்லுகிறது. மிச்சம் எங்கே போயிற்று?

அட்டவணையில் காணும் புறப்பாட்டு நேரம், விமானம் தரையை விட்டு எழும் நேரம் அன்று. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்து, விமானம் நின்ற இடத்தை விட்டு அசையும் நேரமே அது. அவ்வாறே, வந்து சேரும் நேரம் என்பது மறுமுனையில் விமானம் தன் இடத்தில் வந்து நின்று மீண்டும் கட்டை வைக்கப்படும் நேரம். இவ்விரண்டுக்கும் இடையே தரையில் ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்குச் செல்ல வேண்டும். முன்னே வேறு விமானங்கள் இருந்தால் முறை வரும் வரையில் நிற்க வேண்டும். எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டே செல்ல வேண்டும் என்பது விதி. காற்று வடக்கிலிருந்து வீசினால் வடக்கு முகமாக எழ வேண்டும். தெற்கே போகிற விமானமும் அப்படி எழுந்து பிறகுதான் திரும்பும். உயரத்துக்கு ஏறும் வரையில் வேகம் குறைவு. இறங்குவதற்கு நெடுந்தூரம் முன்பே வேகத்தைத் தளர்த்த வேண்டும். சென்னை போன்ற பெரிய நிலையத்தில், இறங்க வருகிற விமானங்களை ஒன்றன் பின் ஒன்றாக இடைவெளி விட்டு வரிசைப்படுத்துவார்கள். நெருக்கடி மிகுந்தால் வட்டமிட்டுக் காத்திருக்கச் சொல்லுவார்கள். இவை எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்தை விழுங்குகின்றன.

குறுகிய பிரயாணமானாலும் நீண்ட பிரயாணமானாலும் இந்த அரை மணி ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்கும். 500 கிலோமீட்டர்ப் பிரயாணத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. 3,000 கிலோமீட்டர்ப் பிரயாணத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே தூரம் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும் என்று விமானப் பிரயாணத்தில் எண்ணக் கூடாது. தூரம் குறையும் அளவுக்கு நேரம் குறையும் என்று எண்ணுவதும் தவறே.

அடுத்து நேரத்தை மாற்றுவது காற்று. சிற்றாற்றில் நீந்துகிறவனைப் பாருங்கள். நீரோட்டத்தோடு நீந்தினால் கரையில் உள்ள மரங்கள் விரைந்து பின்னே செல்லுகின்றன. எதிர்த்து நீந்தினால் அதே முயற்சிக்குப் பாதி தூரந்தான் கடக்கிறான். விமானமும் காற்றென்னும் ஆற்றில் நீந்துவதே. துபாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே உள்ள 2,950 கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையானால் 3 மணி 41 நிமிஷம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பின்னிருந்து தள்ளினால் 3 மணி 17 நிமிஷம். அதே காற்று எதிர்த்தால் 4 மணி 13 நிமிஷம். போகும்போது 32 நிமிஷத்தைப் பறித்துக்கொண்ட காற்று, வரும்போது 24 நிமிஷத்தையே திருப்பித் தருகிறது. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் அகப்பட்டுக்கொள்ளுவதே இதற்குக் காரணம். போய் வருகிற பிரயாணத்தில் காற்று எப்போதும் சிறிது வட்டி வாங்காமல் விடாது.

அந்தக் காற்று எந்தத் திசையில் வீசும் என்பதும் பருவத்தைப் பொறுத்தது. இதில் குற்றாலத்துக்கு அண்டையில் வாழும் நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து நம் மேல் வீசுகிறது. அருவியில் நீர் பெருகுகிறது, சாரல் தூவுகிறது, தென்காசிக்குக் கிழக்கே காற்றாலைகள் சுழலுகின்றன. காற்று மேற்கிலிருந்து கிழக்கே போவதை நம் உடம்பே உணருகிறது. அதே நாளில், நம் தலைக்கு நேர் மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், காற்று இதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது. வெப்ப மண்டலத்தின் கீழைக்காற்றோட்டம் எனப்படும் இதனை 1958இல் ஆராய்ந்து விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். ஜெட் விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்திலும் அந்தப் பருவத்தில் தென்னிந்தியாவின் மேல் கீழைக்காற்றே மேலோங்கி நிற்கிறது. குளிர் காலத்தில் வட பகுதிகளின் மேல் நிலைமை மாறி, மேல் வானில் மேற்குக் காற்று வலுப்பெறுகிறது. வளைகுடா நாட்டுக்குப் போகிற நேரமும் அங்கிருந்து திரும்புகிற நேரமும் சமமாக இராமல், மாதத்துக்கு மாதமும் மாறுவதன் காரணம் இதுதான்.

காற்றின் வலிமையைக் காட்ட உலகப் பிரயாணத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். தில்லியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் முதலில் அட்லாண்டிக் கடலின் மேல் பறந்து சென்றது. அந்த வழி ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அதைப் பசிபிக் கடலின் மேலாகத் திருப்பினார்கள். புதிய வழி ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட 1,400 கிலோமீட்டர் அதிகம். இருந்தும் அந்த விமானம் ஏறத்தாழ பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சமாயிற்று. மேற்கு நோக்கிச் செல்லும்போது எதிர்த்து வந்த காற்று, கிழக்கு நோக்கிச் செல்லும்போது பின்னிருந்து தள்ளியதே காரணம். சுற்று வழி நேர் வழியை முந்திவிட்ட கதை இது.

மூன்றாவதாக நம்மை மயக்குவது கடிகாரம். துபாய்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. சவூதி அரேபியாவின் கடிகாரம் இரண்டரை மணி பின்தங்கியது. சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றின் கடிகாரம் இரண்டரை மணி முந்தியது. டிக்கட்டில் புறப்படும் நேரத்தைப் புறப்படும் ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரத்தைச் சேரும் ஊர்க் கடிகாரப்படியும் அச்சிடுவார்கள். காலை 8 மணிக்குத் திருவனந்தபுரத்தில் புறப்பட்டு நாலேகால் மணி நேரம் பறந்தவர், துபாயில் 10 மணி 45 நிமிஷத்துக்கு இறங்குகிறார். இரண்டே முக்கால் மணிப் பிரயாணம் போலத் தோன்றும். இரவு 10 மணிக்குத் துபாயில் புறப்பட்டு நாலு மணி நேரம் பறந்தவர், திருவனந்தபுரத்தில் விடியற்காலை மூன்றரை மணிக்கு இறங்குகிறார். ஐந்தரை மணி பறந்தது போலத் தோன்றும். இந்த மயக்கத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் டிக்கட்டில் உள்ளபடியே கழித்து எடுத்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். இரண்டே முக்காலும் ஐந்தரையும் எட்டேகால். அதில் பாதி, நாலு மணியும் ஏழரை நிமிஷமும். ஒரு பக்கம் குறைந்த ஒன்றரை மணி மறு பக்கம் கூடிவிட்டதால், கடிகார வேற்றுமை தானே கழன்று, உண்மையான பறக்கும் நேரத்தின் சராசரி கிடைத்து விடுகிறது.

இன்று இரண்டு மணி, நாலு மணி என்று நாம் எண்ணுகிற இந்தக் கணக்கு ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தது. அதன் தொடர்ச்சியான சேவை பல்லாரி வழியாகச் சென்னையை எட்டிற்று. நமக்கு அண்டை ஊரான திருவனந்தபுரத்துக்கு 1935இல் அந்தப் பேறு கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் பம்பாயிலிருந்து கிளம்பிய சிறு விமானம், கோவாவிலும் கண்ணனூரிலும் இறங்கித் திருவனந்தபுரம் வந்தது. நவம்பர் முதல் நாள் அஞ்சலை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குத் திரும்பிற்று. அக்காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அந்தச் சிறு விமானத்தின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் அளவே. பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே உள்ள 1,250 கிலோமீட்டருக்கு ஒரு பகற் பொழுது முழுவதும் வேண்டியிருந்தது. இன்று ஜெட் விமானம் ஏறத்தாழ இரண்டு மணியில் அதைக் கடக்கிறது.

நேயர்களே, வானத்தில் பிரயாணம் இவ்வளவு குறுகிவிட்டது. ஆனால் அதன் இரு முனைகளிலும் தரையில் உள்ள வழி அந்த வீதத்தில் குறுகவில்லை. விமானத்தின் வேகம் ஐந்து மடங்கு பெருகியபோது, ஆரியங்காவுக் கணவாயில் காரின் வேகம் ஐந்து மடங்கு பெருகிவிடவில்லை. மழைக் காலத்தில் மண் சரிந்தாலோ, புளியரையில் லாரிகள் வரிசை கட்டி நின்றாலோ அது இன்னும் குறையும். ஆகவே நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையே உள்ள நேரத்தை வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள நேரமாக எண்ணிவிடுவதே இக்காலத்தில் பலரும் செய்யும் பிழை. இந்தப் பிழை சாதாரண நாளில் பெரிய தீங்கு செய்யாது. வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்த நாளில் செய்யும்.

வடகரையில் ஒரு தந்தையார் விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்றும், மகன் துபாயில் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். நம் கடிகாரப்படி காலை 6 மணிக்குத் தொலைபேசியில் செய்தி போகிறது. அங்கே நாலரை மணி. "மகன் வந்து முகம் பார்க்கட்டும், விமானம் நாலு மணி நேரந்தானே, பகல் 12 மணிக்குள் வந்துவிடுவான், 2 மணிக்கு எடுத்து விடலாம்" என்று கூடியிருக்கும் உறவினர் முடிவு செய்கிறார்கள். அடக்கமானாலும் தகனமானாலும் அந்த நேரத்தையே ஊரெங்கும் சொல்லிவிடுகிறார்கள்.

உண்மைக் கணக்கைப் பார்ப்போம். மகன் விடுப்புப் பெற்று, டிக்கட்டு வாங்கி, விமான நிலையம் போய்ச் சேரக் குறைந்தது இரண்டரை மணி; அங்கே 7 மணி ஆகிறது. வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு மூன்று மணி முன்னதாகவே வரச் சொல்லுகிறார்கள். நல்வாய்ப்பாக 10 மணி விமானத்தில் இடம் கிடைக்கிறது. அது நம் கடிகாரப்படி 11 மணி 30 நிமிஷம். நாலு மணி பறந்து, பிற்பகல் மூன்றரை மணிக்குத் திருவனந்தபுரத்தில் இறங்குகிறார். குடிபுகல் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிந்து வெளியே வர நாலரை. மலைச் சாலையில் மூன்று மணி நேரம். வீட்டு வாயிலில் அவர் கால் வைக்கும்போது இரவு ஏழரை மணி. செய்தி சென்றதிலிருந்து பதின்மூன்றரை மணி ஆயிற்று. அதில் பறந்தது நாலே மணி. இன்னொன்றும் கவனியுங்கள்: கடல் கடந்து 2,950 கிலோமீட்டர் வருவதற்கு நாலு மணி, கடைசி நூறு கிலோமீட்டருக்கு மூன்று மணி.

அதே மகன், தூரம் ஒன்றுதானே என்று சென்னை விமானத்தில் ஏறினால் என்ன ஆகும்? சென்னையிலும் மூன்றரை மணி அளவில் இறங்கி, நாலரை மணிக்கு வெளியே வருவார். அங்கிருந்து தூத்துக்குடிக்கு மாலை விமானம் கிடைத்தால் ஒன்றரை மணி; பிறகு திருநெல்வேலி வழியாக இரண்டு மணிக்கு மேல் கார்ப் பிரயாணம். இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் இரவு 10 மணி ஆகிவிடும். மாலை விமானம் கிடைக்காவிட்டால், செங்கோட்டைக்கு வரும் பொதிகை விரைவு வண்டியில் ஓர் இரவு முழுவதும் கழித்து மறுநாட் காலையில் வர வேண்டியதுதான். வானத்தில் இரண்டு வழிகளும் ஒரே நீளம். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஓர் இரவு நிற்கிறது.

இத்தகைய நாளில் முடிவு செய்ய வேண்டியவர்கள், துயரத்தில் இருப்பவர்கள். அவர்களால் நிதானமாகக் கணக்குப் பார்க்க இயலாது. ஆகவே கணக்கு முன்னமேயே வீட்டில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில் நாலு எண்களை எழுதி வைத்துக்கொள்ளலாம். அங்கே அவர்கள் இருப்பிடத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஆகும் நேரம். நிலையத்தில் காத்திருக்கும் நேரம். விமானம் பறக்கும் நேரம். இங்கே இறங்கியபின் சோதனை முடிந்து வீடு வந்து சேரும் நேரம். கடிகார வேற்றுமையையும் அதன் கீழே குறித்து வைக்க வேண்டும். எந்த நிலையத்தில் இறங்குவது என்ற கேள்விக்கும் இந்தத் தாளே விடை சொல்லும். நாலு எண்களின் கூட்டுத்தொகை எதில் குறைவோ அந்த நிலையமே நமக்கு அருகில் உள்ள நிலையம். கிலோமீட்டர் எதுவானாலும் ஆகட்டும்.

கூட்டுத்தொகையோடு இரண்டு மணி நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதும் நல்லது. காற்று எதிர்க்கலாம், விமானம் தாமதிக்கலாம், மலையில் மழை பிடிக்கலாம். அந்த இரண்டு மணி தேவைப்படாவிட்டால் எவருக்கும் நஷ்டம் இல்லை. தேவைப்பட்டு அது கையில் இல்லாவிட்டால், மகன் புளியரைச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டிருக்கும்போது இங்கே எல்லாம் முடிந்து போயிருக்கும். பின்னர் எத்தனை வேகமான விமானமும் அந்த நேரத்தைத் திருப்பித் தர இயலாது.